ஓடரண்ணை வெளியேறாத கதை

ஓடரண்ணை என் மனைவியையும் மகளையும் ஒரு வருடத்துக்கு மேலாக மன்னாரில் மறித்து வைத்திருந்தார். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அவர் பயன்படுத்தியவை ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு அகப்பை, பிரித்தானியப் பாராளுமன்றம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைக்கலாம் என்று வேறு யாரும் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எனக்கு நடந்தபடியால் சிரிக்கவில்லை. நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் அந்தக் குசினியில் இருக்கவில்லை.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தில் தமிழர் நடமாடும் எந்தத் தெருவிலும் நின்று "ஓடரண்ணை" என்றால் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள். நெட்டை, மெலிவு, ஆனால் அந்த உடம்புக்குள் ஒரு கப்பலின் ஊதுகுழல் இருந்தது. துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஊதுவதற்கும் அவர் "ஓடர்" என்று கத்துவதற்கும் எங்கள் ஒழுங்கையில் வித்தியாசம் தெரியாது. ஒருநாள் கப்பல் ஊத, எங்களுடன் இருந்த சூசை "இருக்கிறன் அண்ணை, இருக்கிறன்" என்று கதிரையைத் தேடி ஓடினான்.

பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சபை குழம்பும்போது "ஒழுங்கு, ஒழுங்கு" என்று ஆட்களை இருத்த சபாநாயகர் கத்தும் ஆங்கிலச் சொல்தான் ஓடர். அது இவருக்குத் தொற்றியது வேலை வீட்டில். கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் ஒரு மாளிகையில் தனியே இருந்த ஒரு கிழ வழக்கறிஞரைப் பராமரிப்பது அவருடைய வேலை. கிழவருக்குக் காது மந்தம். ஆட்கள் கத்திச் சண்டை பிடித்தால்தான் தொலைக்காட்சி அவருக்குக் கேட்கும். ஆனால் இத்தாலிய அரசியலைப் பார்த்தால் பிரஷர் ஏறுகிறது என்று டொக்டர் தடுத்துவிட்டார். அயல்நாட்டு அரசியலுக்கு டொக்டர் தடை சொல்லவில்லை. ஆகவே பிற்பகல் முழுவதும் இரண்டு பேரும் பிரித்தானியப் பாராளுமன்றம் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிழவர் தூங்கிவிடுவார். ஓடரண்ணை தூங்கமாட்டார்.

வருடக்கணக்காகப் பார்த்தால் யாருக்கும் தொற்றத்தான் செய்யும். கோயிலில் மெழுகுதிரி கொளுத்த ஆட்கள் முண்டியடித்தால் "ஓடர்" என்பார். பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு இத்தாலியப் பெண்கள் யன்னல் கதவைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை பிடித்தார்கள். இவர் எழும்பி நடுவில் நின்று, திறக்கச் சொன்னவளுக்கு முதலில் பேச இடம் கொடுத்தார், பிறகு மூடச் சொன்னவளுக்கு. அதன்பிறகு பின் ஆசனத்தில் இருந்தவர்களையும் அழைத்தார். பஸ் பகேரியாவைத் தாண்டிப் போய்விட்டது. விவாதம் முடியவில்லை. நானும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன். வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

பலேர்மோவில் ஒரு தமிழனுக்கு இத்தாலியக் கடவுச்சீட்டுக் கிடைத்தால், "சந்தோசம்" என்று ஒருவரும் சொல்வதில்லை. "எப்ப லண்டன்?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம், சொந்தக்காரர், தமிழ்க் கடை, எல்லாம் அங்கே. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடவுச்சீட்டு இருந்தால் கேள்வி இல்லாமல் போய் இருக்கலாம். அந்த நேரத்தில்தான் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறப் போகிறது, வெளியேறினால் கதவு சாத்தப்படும் என்ற செய்தி வந்தது. எங்கள் சனம் வீடு வீடாகக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஓடரண்ணையிடமும் கடவுச்சீட்டு இருந்தது. லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவும் இருந்தார். "அவங்கள் வெளியிலை போக முன்னம் நான் உள்ளுக்கை போயிடுவன்" என்று கோயில் வாசலில் வைத்து அறிவித்தார்.

எனக்கு அது தேவவாக்கு. ஏனென்றால் நாங்கள் இருந்த வீடு அவர் பெயரில் இருந்தது. கால்சாவில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை, மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு குசினி, குசினிக்குப் பின்னால் ஒரு பல்கனி. ஒரு அறையில் ஓடரண்ணை. மற்றதில் நானும் சூசையும். இத்தாலியில் மனைவி பிள்ளையைக் கூப்பிட வேண்டுமானால், குடும்பம் இருக்கப் போதுமான வீடு உன் பெயரில் இருக்கிறதா என்று கேட்பார்கள். மற்றப் பத்திரம் எல்லாம் சரி. வீடு மட்டும் இல்லை. முதலாம் மாடியில் இருந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா நல்லவள். "அவன் போகட்டும், அடுத்த நாளே உன் பெயருக்கு எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஓடரண்ணை போனால் என் மனைவி ஸ்ரெல்லா வருவாள். ஓடரண்ணை போகாவிட்டால் ஸ்ரெல்லா வரமாட்டாள். என் வாழ்க்கை அந்த அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

பிரித்தானியா வெளியேறக் குறித்த நாளுக்கு முன் கோயில் மண்டபத்தில் அவருக்குப் பிரியாவிடை வைத்தோம். கேக் வெட்டினோம். பங்குச் சனம் ஒரு கறுப்புக் கோட்டு அன்பளிப்புச் செய்தது. லண்டனுக்கு ஒருவர் போகிறார் என்றால் எங்கள் சனம் அவரை ஆளாகப் பார்ப்பதில்லை, பெட்டியாகத்தான் பார்க்கும். மண்டபம் முழுக்கப் பார்சல். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, காய்ந்த தக்காளி, பிஸ்தா, ஒலிவ் எண்ணெய். மூன்றடி உயரத்தில் பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் சுரூபம் வேறு. "லண்டனிலை தங்கச்சி வீடு குடிபூருறாள் அண்ணை, அவளிட்டைக் குடுத்துவிடுங்கோ" என்று ஒருத்தி மடியில் ஏற்றிவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் மூன்றாம் மாடிக்குச் சுமந்தது நான். நான் மற்றவர்களுடைய மாடிப்படி கழுவிப் பிழைக்கிறவன். படியைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பு.

குறித்த நாள் வந்தது. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒப்பந்தத்தோடு வெளியேறுவதா? வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதா? அதுவும் வேண்டாம். மறுபடி சனத்தைக் கேட்பதா? வேண்டாம். சரி, வெளியேறாமலே இருப்பதா? ஐயையோ, அது வேண்டவே வேண்டாம். இத்தனை படித்த மனிதர்கள் ஒரே கட்டடத்துக்குள் இருந்து இத்தனை தரம் வேண்டாம் சொன்னதை நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் ஒன்றியத்திடம் போய்க் கொஞ்சம் நாள் தாருங்கள் என்று கேட்டார்கள். நீடிப்புக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஓடரண்ணை பிரியாவிடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சுவாமியார் வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் போகேல்லையோ?"

"நீடிப்பு, சுவாமி."

நான் வீட்டில் வைத்து நேரே கேட்டேன். "அண்ணை, அவங்கள் வெளிக்கிட்டால் என்ன விட்டால் என்ன. கதவு இப்ப திறந்துதானே கிடக்கு. நீங்கள் போகலாமே."

"தம்பி, நீர் விளங்காமல் கதைக்கிறீர். அவங்கள் போகாமல் விட்டால் நான் ஏன் அவதிப்பட வேணும்? ஒப்பந்தத்தோடை போனால் இன்னும் கொஞ்சக் காலம் தருவாங்கள். ஒப்பந்தம் இல்லாமல் போனால்தான் ஓட வேணும். எது எண்டு தெரியாமல் மனிசன் எப்பிடிப் பெட்டி கட்டுறது?"

"தெரிஞ்சால் போவியளோ?"

"தெரிஞ்சால் அதைப் பற்றி யோசிப்பன்."

இரண்டாம் தரம் நாள் குறித்தார்கள். இரண்டாம் பிரியாவிடை வைத்தோம். கேக் சின்னது. மறுபடி நீடிப்பு. மூன்றாம் பிரியாவிடைக்கு நான், சூசை, சுவாமியார், மூன்று பேர். சுவாமியார் செபம் சொல்லிவிட்டு, "இந்த முறை பார்சலை நான் ஆசீர்வதிக்கேல்லை, அது கெட்டுப் போச்சு" என்று போய்விட்டார். கெடவில்லை. பாதியைச் சூசை சமைத்துவிட்டான். லண்டனில் யாரோ ஒரு பிள்ளையின் ஒடியல் மாவை நாங்கள் பலேர்மோவில் கூழ் காய்ச்சிக் குடித்தோம். சாந்தா ரொசாலியா மட்டும் என் கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி படுக்க வேண்டிய பக்கம் அது.

மன்னாரில் என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு நான் ஃபோனுக்குள் இருக்கிற ஒரு ஆள். "அப்பா, அந்த வெள்ளைக்கார மாமாமார் இண்டைக்காவது ஓம் எண்டு சொன்னவையோ?" என்று கேட்பாள். இல்லையம்மா என்பேன். "அவைக்கு ஓம் சொல்லத் தெரியாதோ?" என்பாள். அதற்குப் பதில் பிரித்தானியாவிலேயே ஒருவரிடமும் இருக்கவில்லை.

பிறகுதான் நான் ஒரு புத்தி கண்டுபிடித்தேன். லண்டனை விடு. கீழ்த்தளத்தில் சிஞ்ஞோராவின் சாமான் அறை வெறுமையாக இருந்தது. யன்னல், தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. அவர் அங்கே இறங்கட்டும், லண்டன் எப்போது தெளிகிறதோ அப்போது போகட்டும். சிஞ்ஞோராவும் சம்மதம். ஓடரண்ணை நாடியைத் தடவினார்.

"மரம்?"

பல்கனியில் உடைந்த குளியல் தொட்டி ஒன்றில் அவர் வளர்த்த கறிவேப்பிலை மரம் நின்றது. எங்கள் தெருத் தமிழர் எல்லோருக்கும் அதிலிருந்துதான் இலை. தொட்டியோடு அதைக் கீழே இறக்கப் படி இடம் கொடுக்காது. பல்கனிக்குப் போக எங்கள் குசினியை விட்டால் வேறு வழி இல்லை.

"நான் கீழை. மரம் மேலை. நடுவிலை உம்மடை குசினி. உம்மடை குடும்பம் வந்த உடனை கதவைப் பூட்டுவீர். பூட்டினால் அது எல்லை, தம்பி. எல்லை போட்டால் நான் சம்மதியன்."

அயர்லாந்து எல்லையில் கதவு போடுவதா விடுவதா என்று பிரித்தானியா இறுகிப்போய் நின்றதும் இதே கதைதான் என்று அவர் எனக்கு விளக்கினார். நான் விளக்கம் கேட்கவில்லை.

சூசை ஒரு வழி சொன்னான். பலேர்மோவில் மேல்மாடிப் பெண்கள் கயிற்றில் கூடை இறக்கிப் பாண் வாங்குவார்கள். அதேபோல் நாங்கள் கூடையில் இலையை இறக்குவது, அவர் கூடையில் தண்ணீர்ப் போத்தலை ஏற்றுவது. ஒத்திகை பார்த்தோம். போத்தல் முதலாம் மாடியில் சிஞ்ஞோராவின் கொடிக்கயிற்றில் மாட்டி, அவளுடைய கட்டில் விரிப்பு ஒன்று கூடையோடு மூன்றாம் மாடிக்கு வந்தது. அவள் கீழே நின்று எங்கள் மூன்று பேரின் தாய்மாரையும் நினைவுகூர்ந்தாள். ஓடரண்ணை பல்கனியிலிருந்து குனிந்து "ஓடர்" என்றார். அவள் செருப்பைக் கழற்றினாள்.

"சரி, முறைப்படி செய்வம்" என்று ஓடரண்ணை அன்று குசினியில் சபையைக் கூட்டினார். சிரட்டை அகப்பையை மேசை நடுவில் வைத்தார். அதுதான் செங்கோல். அது மேசையில் இருந்தால்தான் சபை கூடியதாகக் கணக்கு. அவர் சபாநாயகர். அங்கத்தவர்கள் நானும் சூசையும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், என் ஒரு வருடம் போன இடம் இது. சபாநாயகர் வாக்களிக்கமாட்டார். இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் வாக்களிப்பார். அப்படி வாக்களித்தால், உள்ளது உள்ளபடி இருக்கத்தான் வாக்களிக்க வேண்டும். இது பிரித்தானிய மரபாம். என் குடும்பம் வந்தால் சூசைக்குப் படுக்க இடம் இல்லை. ஆகவே நான் எதற்கு ஓம் சொன்னாலும் அவன் இல்லை சொல்வான். ஒன்றுக்கு ஒன்று. சமம். உடனே ஓடரண்ணை எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சபாநாயகரின் வாக்கு, உள்ளபடிக்கே" என்பார்.

மரத்தை வெட்டிச் சின்னக் கன்றாகக் கீழே வைப்பது: தோல்வி. மரம் இருக்க, அவர் போவது: தோல்வி. கூடை: சிஞ்ஞோராவின் செருப்பை முன்னிட்டுத் தோல்வி. ஒருநாள் சூசையே ஒரு பிரேரணை கொண்டு வந்தான். "நாங்கள் மூண்டு பேரும் இப்பிடியே இருக்கிறது எண்டு தீர்மானிப்பம்." அவன் ஓம், நான் இல்லை. சமம். ஓடரண்ணை கனநேரம் யோசித்தார்.

"இப்பிடியே இருக்கிறது எண்டு இதுவரைக்கும் ஒரு தீர்மானமும் இல்லை. தீர்மானிச்சால் அது புதுசு. புதுசெண்டால் மாற்றம். ஆகவே இல்லை."

அதுவும் தோற்றது. அந்த வீட்டில் நாங்கள் இருக்கவும் முடியாது, போகவும் முடியாது என்று சட்டப்படி முடிவாகியது.

அன்று நான் ஆத்திரத்தில் அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செங்கோல் இல்லாவிட்டால் சபை இல்லை. பின்னால் ஓடரண்ணை "கௌரவ அங்கத்தவர் படியிலை ஓட வேண்டாம்" என்று கத்திக்கொண்டு வந்தார். முதலாம் மாடியில் சிஞ்ஞோரா கதவைத் திறந்து, இந்த அகப்பையோடு எங்கே போகிறாய் என்று கேட்டாள். எங்கே போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. மன்னாருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பி ஏறினேன். மேலே போனால், எங்கள் ஓட்டத்தில் மோதுண்டு ஒரு மிளகாய்த்தூள் பார்சல் வெடித்திருந்தது. சூசை கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அண்ணை, நாங்கள் நடத்துறது லண்டன் பாராளுமன்றம் எண்டெல்லோ நினைச்சன். இது மிளகாய்த்தூள் எறிஞ்சு சண்டை பிடிச்ச எங்கடை நாட்டுப் பாராளுமன்றமாப் போச்சு."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஸ்ரெல்லா. மூன்று ஆண்கள் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பதைத் திரையில் பார்த்துவிட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"ஃபோனை மேசையிலை வையுங்கோ. அகப்பையையும் வையுங்கோ" என்றாள்.

நான் ஃபோனைப் பருப்புப் பேணியில் சாய்த்து வைத்தேன்.

"அண்ணை, நான் கதைக்கலாமோ?"

"சபைக்கு வெளியிலை இருக்கிற ஆக்கள் கதைக்க விதியில்லை, தங்கச்சி."

"நான் வெளியிலை நிக்கிறதே உங்கடை விதியாலைதானே."

ஓடரண்ணை முகத்தைத் துடைத்தார். "ஓடர். மன்னார் அங்கத்தவர் கதைக்கலாம்."

"சூசையண்ணை, நீங்கள் ஏன் எல்லாத்துக்கும் இல்லை எண்டுறியள்?"

"நான் எங்கை போய்ப் படுக்கிறது, தங்கச்சி?"

"வேறை இடமே இல்லையோ?"

"பகேரியாவிலை ஒரு வில்லாவிலை தங்கி வேலை செய்யக் கூப்பிடினம். நல்ல அறை. ஆனால் கருவாடு காய்ச்ச விடாயினம். மணக்குதாம்."

நான் எழும்பிவிட்டேன். அறை இருக்கிறது. இவ்வளவு நாளும் அறை இருந்திருக்கிறது. என் பிள்ளை வராமல் இருந்தது கருவாட்டு மணத்துக்காக. "டேய்" என்றேன். "ஓடர்" என்றார் ஓடரண்ணை. "இருங்கோப்பா" என்றாள் ஸ்ரெல்லா. இருந்தேன்.

"சூசையண்ணை, நீங்கள் அந்த அறையை எடுங்கோ. ஞாயிறு ஞாயிறு பூசை முடிய இஞ்சை வாங்கோ. பேசாலைக் கருவாடு நான் கட்டிக்கொண்டு வாறன். நானே காய்ச்சித் தாறன்."

சூசை மன்னாரில் பேசாலை ஆள். ஊரின் பெயரைக் கேட்டதும் மூக்கை உறிஞ்சினான். அது மிளகாய்த்தூளா வேறு எதுவுமா தெரியாது.

"அடுத்தது ஓடரண்ணை. நீங்கள் கீழை இறங்குங்கோ. மரம் மேலை நிக்கட்டும். குசினிக் கதவுக்கும் பல்கனிக் கதவுக்கும் நான் பூட்டுப் போடமாட்டன். நினைச்ச நேரம் வாங்கோ, தண்ணி ஊத்துங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. இதுதான் என்ரை பிரேரணை. கையைத் தூக்குங்கோ."

நான் தூக்கினேன். சூசை என்னைப் பார்க்காமல் தூக்கினான்.

ஓடரண்ணை மேசையைப் பார்த்தார். இரண்டு கை. எதிர்க் கை இல்லை. சமம் இல்லை. சமம் இல்லாவிட்டால் சபாநாயகருக்கு வாக்கு இல்லை. தன் விதியிலேயே அவர் மாட்டிக்கொண்டார். கோட்டை இழுத்துவிட்டார். கப்பல் ஊதுகுழல் குரல் எங்கேயோ போய்விட்டது.

"ஆம் பக்கம் வென்றது" என்றார்.

அடுத்த நாள் அவரே ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டு கதவின் கொண்டிகளையும் கழற்றினார். பிறகு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். எங்கள் குசினி தீர்மானித்துவிட்டது. பிரித்தானியா இன்னும் நீடிப்புக் கேட்டுக்கொண்டு நின்றது.

அன்று பின்னேரம் ஸ்ரெல்லாவிடம் நான் ஆத்திரத்தில் துள்ளிக் குதித்தேன். "உந்த மனிசன் லண்டனுக்குப் போயிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"அவர் போகமாட்டார்" என்றாள். "அவருக்குப் போக விருப்பம் இல்லை. உங்கை எல்லாரும் போகேக்குள்ளை, எனக்குப் போக விருப்பம் இல்லை எண்டு சொல்ல வெக்கம். பலேர்மோவிலை சும்மா இருக்கிறன் எண்டு ஒரு மனிசன் எப்பிடிச் சொல்லுறது? அதுக்குத்தான் அவருக்கு ஒரு பாராளுமன்றம் தேவைப்பட்டது."

நான் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவன். எனக்கு விளங்காதது அவளுக்கு மன்னாரில் இருந்து விளங்கியது. இதற்காகவும் நான் கோபப்பட்டேன்.

கொரோனாவால் விமான நிலையங்களை மூடுவதற்குக் கொஞ்சம் முன் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நான் புதுச் சட்டையோடு முன்னால் நின்றேன். பின்னால் பிரியாவிடைக் கோட்டில் ஓடரண்ணை. மகள் என்னைப் பார்த்தாள், தயங்கினாள், எனக்குப் பின்னால் பார்த்தாள். "நீங்கள்தானே ஓடர் மாமா?" என்றாள். ஃபோனில் எப்போதும் எனக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தவர் அவர். தன்னை ஒரு வருடம் மறித்து வைத்த மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளை வெளியே நடந்தாள். நான் பெட்டி இழுத்தேன். பெட்டி முழுக்கக் கருவாடு.

பிரித்தானியா அந்தக் குளிர்காலத்தில் ஒருவழியாக வெளியேறிவிட்டது. ஆனாலும் கதவு சாத்தப்பட அந்த வருடக் கடைசி வரை காலம் கொடுத்தார்கள். ஓடரண்ணை போகவில்லை. நானும் கேட்கவில்லை. கதவு சாத்திய அன்று அவர் மரத்துக்கு வழமையைவிட ஒரு போத்தல் தண்ணீர் கூட ஊற்றினார். அவ்வளவுதான்.

பிறகு வருடங்கள் போயின. ஒவ்வொரு பின்னேரமும் மூன்று மாடி ஏறுவார். கொண்டி இல்லாத கதவில் தட்டுவார். "எல்லை கடக்கலாமோ?" என்று கேட்பார். ஸ்ரெல்லா கேத்திலை வைப்பாள். தண்ணீர் ஊற்றுவார், தேத்தண்ணீர் குடிப்பார், போவார். இங்கே பிறந்த என் மகனும் மகளும் கைபேசிக்குச் சண்டை பிடித்தால் அகப்பையை மேசையில் வைத்து இரண்டு பக்கமும் கேட்பார். பிள்ளைகள் சிசிலிய இத்தாலியனில் வாதாடுவார்கள், இவர் தீவுத் தமிழில் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு எப்போதும் உள்ளபடிக்கேதான். கைபேசி ஒருவருக்கும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை சூசை வருவான். சிஞ்ஞோரா மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னல்களைச் சாத்துவாள்.

போன வருடம் கிழ வழக்கறிஞர் இறந்துபோனார். கொஞ்ச நாளில் லண்டனில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. "இரண்டு கிழமை, கல்யாணம் பாத்திட்டு வாறன்" என்று ஓடரண்ணை புறப்பட்டார். பிரியாவிடை வைக்க ஒருவரும் நம்பி வரவில்லை. சாந்தா ரொசாலியாவை மட்டும் நான் கட்டிக் கொடுத்தேன். அதைக் கொடுத்துவிட்டவளின் தங்கச்சி குடிபுகுந்த அந்த வீடு இப்போது பழைய வீடாகியிருக்கும். இந்த முறை விமானம் அவரை உண்மையாகவே ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு கிழமை முடிந்தது. ஃபோன் எடுத்தேன்.

"என்னண்ணை, வரேல்லையோ?"

"நீடிப்பு, தம்பி."

அடுத்த மாதமும் நீடிப்பு. அதற்கடுத்த மாதமும். கடையில் அக்காவுக்கு உதவியாம். ரிக்கற்றை மாற்றியாகிவிட்டதாம். நிலைமை தெளியட்டுமாம். கதவு அகலத் திறந்து கிடந்தபோது போகாத மனிதன், சாத்திய பிறகு போய், விருந்தாளியாக எத்தனை மாதம் இருக்கலாமோ அத்தனை மாதமும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேலாக அவரை வெளியே அனுப்பப் பாடுபட்டவன் நான். இப்போது நான்தான் பின்னேரங்களில் படியில் காலடி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு யார் பொறுப்பு?

ஓடரண்ணை, இந்தப் பத்திரிகை உங்கள் அக்காவின் கடையில் வைத்து விற்கப்படுகிறது. ஆகவே பார்க்கவில்லை என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். மரம் இலை உதிர்க்கிறது. ஸ்ரெல்லா ஊற்றும் தண்ணீர் அதற்குப் பிடிக்கவில்லை. கீழ் அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று சிஞ்ஞோரா கேட்டாள், வேண்டாம் என்றேன். அகப்பையை மகள் மேசை நடுவில் வைத்திருக்கிறாள். கறி அள்ள எடுத்தாலும் சண்டை. சபை இன்னும் கூடியபடியே இருக்கிறதாம்.

கூடியிருந்தபடியால் போன ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு வைத்தோம். ஓடரண்ணை திரும்பி வர வேண்டும் என்பது பிரேரணை. ஸ்ரெல்லா, மகள், மகன், கருவாட்டுக் கையோடு சூசை, நான். எதிர்த்து ஒருவரும் இல்லை. சமம் வரவில்லை. ஆகவே உங்களுக்கு வாக்கு இல்லை.

எந்த நாள் வருகிறீர்கள்? ஃபோனில் முணுமுணுக்க வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே, எல்லோரும் வாசிக்கும்படி, பதில் சொல்லுங்கள். குசினிக் கதவுக்கு இன்னும் கொண்டி போடவில்லை.